வெளியே நிறுத்தாதீர்கள்: குமாரபாளையம் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: நாமக்கல் மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, குமாரபாளையம் நகராட்சி, காவல்துறை. அவர்களோடு ஊரிலுள்ள விசைத்தறி உரிமையாளர்கள், அரசு, உதவிபெறும், தனியார் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுக்கள்.

அனுப்புநர்: குமாரபாளையத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர், அவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், தறி ஓட்டுகிறவர்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்" என்று வெளியே நிறுத்தினால் வேறு ஊரில் அவன் தெருவில் சுற்றுவான், அல்லது வீட்டில் படுத்துக் கிடப்பான். குமாரபாளையத்தில் அவனுக்கு அன்று மாலையே வேலை கிடைத்துவிடும். நூல் தார் சுற்றவும் கோன் மாற்றவும் தறிப் பட்டறைகளில் எப்போதும் ஆள் வேண்டும். சனிக்கிழமை கையில் கூலி விழும். கூலி கண்ட பையனை மறுபடி பெஞ்சில் உட்காரவைப்பது எவ்வளவு கடினம் என்பதை இங்கே எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். எங்கள் கோரிக்கைகள் அத்தனையும் இந்த ஒரு நிலைமையிலிருந்து பிறந்தவை.

அப்படி வெளியே நிறுத்தப்படுகிறவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே வகைப் பிள்ளைகள். வீட்டில் அடிபட்டவர்கள், அம்மா அடிபடுவதைப் பார்த்தவர்கள், பெற்றோரில் ஒருவரைச் சாவுக்கோ வேறு ஊருக்கோ கொடுத்தவர்கள், யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று உடம்பில் நடந்தவர்கள், இரவில் ஆளில்லாத வீட்டில் தம்பி தங்கையோடு தூங்குகிறவர்கள். இவர்கள் வகுப்பில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் எல்லோருக்கும் இரக்கம் வரும். இவர்கள் அப்படி உட்காருவதில்லை. முதல் பீரியடிலேயே தூங்குகிறார்கள். பென்சில் திருடுகிறார்கள். பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் கையை ஓங்குகிறார்கள். சத்துணவு முட்டையைப் பையில் மறைத்து எடுத்துப் போகிறார்கள். மணி அடித்த பிறகும் வாசலிலேயே நிற்கிறார்கள். இதற்கெல்லாம் எங்கள் பள்ளிகளில் 'ஒழுங்கீனம்' என்று ஒரே பெயர்தான் இருக்கிறது.

'கவனிக்காத பெற்றோர்' என்று சொல்வது சுலபம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. அப்பாவுக்குப் பகல் என்றால் அம்மாவுக்கு இரவு. சில வாரம் இருவருக்குமே இரவு. பட்டறையில் முன்பணம் வாங்கியிருப்பதால் நேரத்தை மாற்றிக் கேட்க வாய் வராது. கேட்டால் "பாக்கியை வச்சுட்டுப் போ" என்று பதில் வரும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. ஆனால் முன்பணக் கணக்கு நோட்டு இன்னும் பல பட்டறைகளின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதோடு மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை. பத்து வயதுப் பெண் உலை வைத்து, தம்பிக்குச் சோறு போட்டு, வெளிக்கதவைத் தாழிட்டுப் படுக்கும் லைன் வீடுகள் இங்கே ஏராளம். அந்த அம்மாவுக்குப் பாசம் குறைவு என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். குடித்துவிட்டு அடிக்கும் அப்பாக்களுக்கு இந்த வாதத்தில் பங்கில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

2025 ஜூலையில் பக்கத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர்கள் மூலம் விற்கப்பட்ட விவகாரம் வெளியே வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தரகர், மருத்துவமனை, பணம் எல்லாம் செய்தியாயின. வயிற்றில் தையலோடு வீடு திரும்பிய அந்தத் தாய் தந்தையரின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், அந்த மாதம் பள்ளிக்கு வந்தார்களா என்பது செய்தியாகவில்லை. அரசின் எந்தத் துறையும் அப்படிக் கேட்டதாக நாங்கள் கேள்விப்படவும் இல்லை. கேட்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். அதற்குரிய ஆளும் நேரமும் பள்ளியிடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்.

1. நடத்தையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது; மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பக் கூடாது.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. ஒன்பதில் அந்தக் காப்பு அறுந்துபோகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை மனதில் வைத்து, ஒன்பதிலேயே "டி.சி. வாங்கிக்கப்பா, தனித்தேர்வு எழுதிக்கலாம்" என்று நயமாகச் சொல்லும் வழக்கத்தை எல்லோரும் அறிவோம். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பேர்போன மாவட்டம் இது. ஊரெல்லாம் வைக்கிற நூறு விழுக்காடு பேனரில் அப்படிப் போனவர்களின் கணக்கு ஏறாது. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள் என்ற இரண்டு எண்களையும் ஒவ்வொரு பள்ளியும் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்.

பெற்றோரை அழைப்பதிலும் மாற்றம் வேண்டும். பகலில் அழைத்தால் ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கோபம் சாயங்காலம் பிள்ளையின் முதுகில் இறங்குகிறது. ஷிப்டு மாறும் நேரத்தில் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் பேசட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பள்ளி பெற்றோருக்காகத் திறந்திருக்கட்டும். அன்று வரும் ஆசிரியருக்கு ஈடுவிடுப்பு தரவேண்டும்.

2. நூறு பிள்ளைகளோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர்.

நாங்களாகக் கற்பனை செய்து கேட்பதல்ல இது. 2025 ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன மாணவியின் மரண வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் பிள்ளைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிடச் சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி. சட்டம் வரும்வரை இவை கட்டுப்படுத்தும் என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட சம்பவத்தை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடத்தையே உருவாக்கச் சொல்லியிருந்தது.

குமாரபாளையத்தின் எந்தப் பள்ளியில் ஆலோசகர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறது, எதில் இல்லை என்ற பட்டியலை மாவட்ட ஆட்சியர் வெளியிட வேண்டும். இருக்கிற தமிழாசிரியருக்கோ உடற்கல்வி ஆசிரியருக்கோ இரண்டு நாள் பயிற்சி கொடுத்து 'ஆலோசகர்' என்று பலகை மாட்டுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். பத்தாண்டுகளுக்கு முன் பள்ளிக்கல்வித் துறை நடமாடும் ஆலோசனை வண்டிகளை விட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை வாசலில் வந்து நிற்கும் வண்டியில் முகம் தெரியாத ஒருவரிடம் தன் வீட்டுக் கதையைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? வாரத்தில் இரண்டு நாளாவது, அதே ஆள், அதே அறை, கதவு உள்ள அறை. சிறு பள்ளிகள் மூன்று நான்குக்கு ஒருவர் போதும். குமாரபாளையம் அரசு மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாளைப் பள்ளிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திருச்செங்கோடு தாண்டி நாமக்கல் போய்வருவதென்றால் அதற்கும் ஒரு நாள் கூலி.

3. ஆசிரியருக்கு நேரம் கொடுங்கள்.

இங்கே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. இந்தச் சாசனத்தைப் படிக்கும் ஆசிரியர் ஒருவர், "இதையும் எங்க தலையிலயா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்தல் பணி, நலத்திட்டப் பட்டியல் என்று ஏற்கெனவே பாதி நாள் போய்விடுகிறது. மனநல மருத்துவர் செய்ய வேண்டியதை ஆசிரியர் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் மருத்துவரால் செய்ய முடியாத ஒன்றை ஆசிரியர் செய்கிறார்: ஆண்டில் இருநூறு நாள் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறார்.

இதற்குத் தமிழிலேயே முன்மாதிரி உண்டு. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தார்கள். மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும், எல்லாப் பிள்ளையையும் மருத்துவமனைக்கு வரவழைக்க முடியாது என்று கண்டு, ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி அளிக்கும் வழியைப் பிடித்தார்கள். குண்டுச் சத்தத்துக்கு நடுவே நடந்த பள்ளிகளில் அது முடிந்தது என்றால், தறிச் சத்தத்துக்கு நடுவே நடக்கும் எங்கள் பள்ளிகளில் முடியாமல் போகாது. பயிற்சி தமிழில், வகுப்பறை உதாரணங்களோடு, வேலை நாளில் நடக்கட்டும். கணினித் திரையில் ஓடும் வீடியோவைப் பார்த்துச் சான்றிதழ் எடுக்கும் பயிற்சியாக அது இருக்கக் கூடாது.

வகுப்பில் செய்ய வேண்டியவை பெரும்பாலும் செலவில்லாதவை. அடிக்கடி இடம் மாற்றாமல் அந்தப் பிள்ளைக்கு ஒரே இடம், முடிந்தால் வாசல் தெரியும் இடம். தேர்வோ புது ஆசிரியரோ வருவதாக இருந்தால் முந்தின நாளே சொல்வது. பின்னாலிருந்து தொடாமல் இருப்பது. முதல் பீரியடில் தூங்குகிறவனை எழுப்பி நிற்கவைப்பதற்கு முன், நேற்றிரவு வீட்டில் யார் இருந்தார்கள் என்று இடைவேளையில் தனியாகக் கேட்பது. விளையாட்டுப் பீரியடைத் தண்டனையாகப் பிடுங்காமல் இருப்பது. பல பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வரை வருவது அந்த ஒரு பீரியடுக்காகத்தான்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. பட்டறைக்குப் பக்கத்தில், சில சமயம் பட்டறைக்குள்ளேயே கட்டிய தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள் கத்தித்தான் பேசுவார்கள். தறிச் சத்தத்தில் அப்படிப் பேசினால்தான் கேட்கும். அது திமிர் என்று எடுத்துக்கொள்ளப்பட்டு அடிவாங்கிய பிள்ளைகள் பலர். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு தறி வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் காதுப் பரிசோதனை செய்ய வேண்டும்.

4. அடி வேண்டாம்.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இதில் பெற்றோராகிய எங்களுக்கும் பங்கு உண்டு. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே அனுமதி எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். அதைத் திரும்பப் பெறுகிறோம். வீட்டில் அடிபடும் பிள்ளைக்குப் பள்ளி அடி புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் என்ற அதன் எண்ணத்தை உறுதி செய்கிறது, அவ்வளவுதான். பையனைப் பார்த்து "அப்பன் மாதிரியே வருவே" என்று வகுப்பில் சொல்வதும் அடிதான்.

5. பிள்ளையின் வீட்டு விவரம் வகுப்பில் உரக்கச் சொல்லப்படக் கூடாது.

"அப்பா இல்லாதவங்க எல்லாம் எந்திரிங்க" என்று உதவித்தொகைக்காகக் கணக்கெடுக்கும் ஆசிரியர் நல்லதைத்தான் செய்கிறார். எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அது அப்படித் தெரிவதில்லை. சாதிச் சான்றிதழ், தந்தையின் தொழில், பெற்றோரின் நோய் எதையும் பெயர் சொல்லிக் கேட்காமல் தாளில் வாங்கலாம். லாரித் தொழில் வேரூன்றிய இந்த மாவட்டத்தில் எச்.ஐ.வி. பல குடும்பங்களைத் தொட்டுப் போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் விவரம் ஆசிரியர் அறையில் டீயோடு பேசும் பேச்சாகக் கூடாது.

6. பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால், அதை அமுக்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு, நிறுவனத் தலைவருக்கு அது கூடுதல். "பள்ளி பேரு கெட்டுரும்", "பொண்ணு வாழ்க்கை" என்று பஞ்சாயத்து பேசுகிறவர்களுக்கு இதை நினைவூட்டுகிறோம். காவல்துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சீருடையில் வரக் கூடாது, பிள்ளை விரும்பும் இடத்தில், கூடுமானவரை பெண் அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது அதே சட்டம். பள்ளி வாசலில் ஜீப் வந்து நின்றால் மறுநாள் ஊருக்கே பெயர் தெரிந்துவிடும். புகார் கொடுத்த பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் நாளில் அவளை வரவேற்கப் பொறுப்பான ஆசிரியர் ஒருவரின் பெயர் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும். அந்த ஆண்டுகளில் அவளுக்குப் பரீட்சையும் உண்டு.

சுவரில் 1098, 14417 என்ற உதவி எண்கள் எழுதியிருக்கின்றன. கையில் போன் இல்லாத பிள்ளை எங்கிருந்து அழைக்கும்? தலைமை ஆசிரியரின் கண்ணில் படாத இடத்தில் ஒரு போன் வேண்டும். 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியின் சாவி அந்தப் பள்ளியில் வேலை பார்ப்பவரிடம் இருக்கக் கூடாது.

7. கவனிப்பில்லாத பிள்ளை என்றால் முதலில் உதவி. வழக்கு அதற்குப் பின்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015 கொடுமை செய்யும் பெற்றோர்மீது வழக்குப் போட வழி வைத்திருக்கிறது. தேவைப்படும் இடத்தில் போடுங்கள். ஆனால் இரவு ஷிப்டுக்குப் போன தாயைக் குற்றவாளியாக்கி, பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கவனிப்பாகாது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். இந்த விண்ணப்பங்களைப் பள்ளியிலேயே, ஜூன் மாதத்திலேயே, அலுவலர்கள் வந்து எழுதி வாங்க வேண்டும். பேரனை வளர்க்கும் அம்மிச்சியை, இறப்புச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலையவிடக் கூடாது.

8. தறி உரிமையாளர்களிடம் நாங்கள் கேட்பது மூன்று.

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை வைத்திருக்கும் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வாரத்தில் இரவு ஷிப்டு போடாதீர்கள். பள்ளிச் சீருடையிலோ சீருடை இல்லாமலோ பள்ளி வயதுப் பிள்ளை வேலை கேட்டு வந்தால், தார்க் குச்சியைக் கையில் கொடுப்பதற்குப் பதில் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். பிள்ளையின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்து பெற்றோர் ஒரு மணி நேரம் போய்வந்தால் கூலியைப் பிடிக்காதீர்கள். நூல் விலையும் மின்கட்டணமும் ஏறி நீங்களும் திணறுவது எங்களுக்குத் தெரியும். இந்த மூன்றில் எதுவும் நீங்கள் நெய்யும் துணியின் மீட்டர் கணக்கைக் குறைக்காது.

சட்டப்படி குழந்தைக் காப்பகம் வைத்தாக வேண்டிய அளவு பெரிய பட்டறைகள் இங்கே குறைவு. பத்துத் தறி, இருபது தறிப் பட்டறைகளே அதிகம். ஆகவே அந்தப் பொறுப்பை நகராட்சி எடுக்க வேண்டும். தறி நெருக்கமான வார்டுகளில் இரவு பத்து மணி வரையாவது ஓர் அங்கன்வாடியோ சமுதாயக் கூடமோ திறந்திருந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடும் விளக்கும் பொறுப்பான ஒரு பெண்ணும் இருக்கட்டும். காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியில் காலையைப் பார்த்துக்கொள்கிறது. இரவைப் பார்க்க இன்னும் யாருமில்லை.

9. பாலத்தைத் தாண்டினால் பிள்ளை தொலைந்துபோகக் கூடாது.

காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி, ஈரோடு மாவட்டம். இந்தப் பக்கம் நாமக்கல். பட்டறை மாறும் குடும்பம் அரை மணி நேரத்தில் பாலம் தாண்டிக் குடிபோய்விடுகிறது. பிள்ளையின் கோப்பு தாண்டுவதில்லை. இரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளும் பள்ளி மாறும் பிள்ளைகளின் பட்டியலை மாதந்தோறும் கைமாற்றிக்கொள்ள வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தறியிலும் மில்லிலும் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரையாவது ஆலோசகரோடு சேர்த்து அமர்த்த வேண்டும். பேச மொழியில்லாத பிள்ளையை 'அமைதியானவன்' என்று ரிப்போர்ட் கார்டில் எழுதிவிடுகிறோம்.

10. கோடை விடுமுறையிலும் வெள்ளக் காலத்திலும் கணக்கெடுங்கள். ஏப்ரலில் பள்ளி மூடியதும் சத்துணவு நிற்கிறது, பட்டறை திறக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் வராத பிள்ளையின் வீட்டுக்கு இரண்டாம் வாரத்திலேயே ஆள் போக வேண்டும். 2018, 2022, 2024 என்று மேட்டூர் நிரம்பி உபரிநீர் பாய்ந்தபோதெல்லாம் கரையோர வீதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. குடும்பங்கள் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கின. முகாமில் பாய், பால், பிஸ்கட் கொடுக்கிறீர்கள். அங்கேயே பிள்ளைகளுக்கென ஓர் ஆசிரியரையும் உட்காரவையுங்கள். நனைந்துபோன புத்தகம், சீருடை, சான்றிதழ் மூன்றும் பள்ளி திறக்கும் நாளுக்குள் மறுபடி கிடைக்க வேண்டும்.

இந்தச் சாசனத்தின் நகல் ஊரின் எல்லாப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் தரப்படுகிறது. அடுத்த கூட்டத்தில் இதை வாசித்து, தங்கள் பள்ளியால் உடனே செய்ய முடிந்தவற்றைத் தீர்மானமாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம். முதல், நான்காம், ஐந்தாம் கோரிக்கைகளுக்கு அரசாணை தேவையில்லை, பணமும் தேவையில்லை. அவற்றுக்குக் காலக்கெடு கேட்டு வரும் பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம். மற்றவற்றுக்கு மாவட்ட நிர்வாகம் எந்த அலுவலர் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை வாங்க ஷிப்டு மாறும் நேரத்தில் வருவோம்.